விதையின் மரபணுக்கள் அணைந்துவிடுவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு மாணவர் பக்கத்தில், "விதை முற்றியதும் அதன் மரபணுக்கள் எல்லாம் அணைந்துவிடுகின்றன, அதனால்தான் அது தூங்குகிறது" என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் டியூஷன் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் அதை நீட்டி, "மிஸ், அப்போ நீங்க சொல்லிக்கொடுத்தது தப்பா?" என்று கேட்டாள். முப்பத்தோரு வருடம் தாவரவியல் எடுத்தவள் நான். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விதையைத் தூங்கவைப்பதற்கென்றே மரபணுக்கள் வேலை பார்க்கின்றன, ஐயா. அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் விதையில் கூடுகிறது. ஏபிஐ3 போன்ற மரபணுக்கள் அதற்கேற்ப மற்ற மரபணுக்களை முடுக்குகின்றன: புரதத்தைச் சேமி, காய்ந்தாலும் தாங்கு, இப்போது முளைக்காதே. முளைக்கும்போது வேண்டிய ஆர்.என்.ஏ.வில், அதாவது மரபணுக் கட்டளையின் நகல்களில், ஒரு பகுதி காய்ந்த விதைக்குள்ளேயே தயாராக இருக்கிறது. மக்காச்சோளத்தில் ஏபிஐ3-க்கு இணையான மரபணு பழுதானால் மணிகள் கதிரிலேயே முளைத்துவிடும்.

திருவாரூர் பக்கம் என் தம்பி நெல் வயலில் அறுவடைக்கு நான்கு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. விதையுறக்கம் குறைந்த குறுகிய கால ரகம். சாய்ந்த கதிரைத் தூக்கிப் பார்த்தால் மணிக்கு மணி வெள்ளை முளை. வியாபாரி கையால்கூடத் தொடவில்லை. நீங்கள் ஒரு வரியில் தாண்டிப்போன தூக்கம், என் தம்பிக்கு அந்தப் போகத்து வருமானம்.

இது முதல் தடவையும் இல்லை. தேங்காய்த் தண்ணீரை "மரம் உறிஞ்சிச் சேர்த்த நிலத்தடி நீர்" என்று முன்பு போட்டீர்கள். அது கருவூண், விதைக்குள் வளரும் கருவுக்கு உணவாகும் திசு; தாயிடமிருந்து இரண்டு பங்கும் தந்தையிடமிருந்து ஒரு பங்கும் குரோமோசோம் வாங்கி வளர்வது. உடனே கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஒரு பள்ளியில் நாங்கள் இருபது வருடம் வளர்த்த தோட்டத்தை வழித்து வண்டி நிறுத்த சிமெண்ட் போட்டார்கள். அதையும் எழுதினேன், வரவில்லை. அப்புறம் பிள்ளைகளுக்குச் செடி எங்கிருந்து தெரியும்?

அந்தப் பெண்ணுக்குக் கூடையிலிருந்த சௌசௌவை வெட்டிக் காட்டினேன். காய்க்குள்ளேயே விதை முளைவிட்டிருந்தது. எல்லா விதையும் ஒரே மாதிரி தூங்காது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். அவள் உங்கள் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைப்பவள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
மயிலாப்பூர், சென்னை