47 கிலோமீட்டர் வேகம் குற்றமா? சலான் அனுப்பிய அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். மயிலாப்பூரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள் நான். காமராஜர் சாலையில் அதிவேகமாக ஸ்கூட்டர் ஓட்டினேன் என்று 1000 ரூபாய்க்கு எனக்கு ஒரு சலான் வந்திருக்கிறது. அதிலுள்ள பிழைகளைத் திருத்தினால் குற்றமே இல்லாமல் போகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி எண் என்னுடையதுதான். வேகம் 47 கிலோமீட்டர் என்று இருக்கிறது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் வண்டி வகை 'ஆட்டோ ரிக்‌ஷா' என்றும், அனுமதித்த வேகம் 40 என்றும் போட்டிருக்கிறீர்கள். உங்கள் கேமரா எடுத்த படத்தையே கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டே சக்கரம். காலடியில் தைத்த துணிகள் வைத்த மஞ்சள் பை, அதன் காது கொக்கியில் மாட்டியிருக்கிறது. நேரம் அதிகாலை 2:10 என்கிறது சலான். படத்திலோ நல்ல வெயில், வண்டியின் நிழல் தார் ரோட்டில் குட்டையாக விழுந்திருக்கிறது. அன்று மதியம் திருவல்லிக்கேணியில் ஒரு கல்யாண வீட்டுக்குத் துணி கொடுக்கப் போனேன்.

எனக்கு முதலில் இது புரியவில்லை. தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் தம்பிதான் பார்த்ததும் சொன்னார், "அக்கா, இது எங்க லிமிட்டு!" 2023 நவம்பர் 4 முதல் சென்னையில் காருக்கு 60, இருசக்கர வண்டிக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30. அப்படியென்றால் 47-இல் போன ஆட்டோ தப்பு செய்தது, 47-இல் போன ஸ்கூட்டர் செய்யவில்லை. சலானின் 'வண்டி வகை' கட்டத்தில் தவறாக விழுந்த ஒரு வார்த்தைதான் என்னைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறது.

நேரில் வந்து கேட்டபோது, "கிளரிக்கல் மிஸ்டேக்தாம்மா, கட்டிட்டுப் போங்க" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. எழுத்துப் பிழை என்று நீங்களே ஒத்துக்கொண்ட பிறகு நான் எதற்குக் கட்ட வேண்டும்?

2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதியைச் சேர்த்தார்கள். கேமரா வைத்து அனுப்பும் சலானில் நம்பர் பிளேட் தெரியும் படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது அது. நேரமே தப்பாக இருக்கிற காகிதத்தை எந்த மாஜிஸ்திரேட் முன்னால் வைப்பீர்கள்?

அந்தத் தம்பி இன்னொன்றும் சொன்னார். தப்பான சலான் வந்தால் ஸ்டாண்டில் பலரும் பேசாமல் கட்டிவிடுகிறார்களாம். அலைந்தால் ஒரு நாள் சவாரி போய்விடும். எனக்காவது ராத்திரி உட்கார்ந்து தைத்து ஈடுகட்ட முடியும்.

வேகக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பேத்தியின் கையைப் பிடித்து ரோடு தாண்டுகிறவள் நான். கேமரா இருக்கட்டும். சலான் போகும் முன் ஒரு ஆள் அந்தப் படத்தையும் ஆர்.சி. விவரத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பிழை என்று தெரிந்தால், கோர்ட்டுக்கு அனுப்பாமல் அங்கேயே ரத்து செய்து, கையெழுத்தோடு ஒரு பதில் கொடுங்கள்.

ஆர்.சி. நகலும் சலானும் பெரிதாக்கிய படமும் இத்துடன் வைத்திருக்கிறேன். என் சலானை ரத்து செய்து எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மயிலாப்பூரிலிருந்து ஒரு தையல்காரம்மா