அளவு நாடா

அன்பு மகளுக்கு,

மெல்பர்னில் வாடகை அறை கேட்டு நீ அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை என்றும், சிங்கப்பூரில் இப்படியெல்லாம் நடக்காதே என்றும் தொலைபேசியில் சொன்னாய். நீ மனம் நொந்திருந்ததால் அன்று நான் மறுத்துப் பேசவில்லை.

'இந்தியர் வேண்டாம்' என்று விளம்பரத்தில் வெளிப்படையாகவே போடுவதை நான் இங்கே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கேட்டால் மசாலா வாடை என்பார்கள். வேலையிடத்தில் பாகுபாட்டைத் தடுக்க 2025 ஜனவரியில் சட்டம் நிறைவேறிவிட்டது, ஆனால் வாடகை வீடு அதற்குள் வராது.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது, 2016இல் நாம் பழைய வீட்டை விற்ற கதை. அரசு அடுக்குமாடி வீடுகளுக்கு 1989 முதல் நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காட்டையும், மலாய்க்காரர் 25 விழுக்காட்டையும், இந்தியரும் மற்றவர்களும் சேர்ந்து 15 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. ஓர் இனத்தார் ஓரிடத்தில் குவியாமல் கலந்து வாழ வேண்டும் என்ற அந்த நோக்கத்தை நான் இன்றும் மதிக்கிறேன். பக்கத்து வீட்டு மக்சிக், அந்த மலாய் அத்தை, கொடுத்த கெத்துப்பாட் அரிசிக் கட்டியைத் தின்று வளர்ந்தவள்தானே நீ. ஆனால் நம் புளோக்கில் சீனர் எண்ணிக்கை உச்சவரம்பைத் தொட்டிருந்ததால், சீனர் ஒருவர் இன்னொரு சீனரிடம் வாங்கலாம், இந்தியரான நம்மிடம் வாங்கினால் அந்த எண்ணிக்கை கூடிவிடும் என்பதால் வாங்க முடியாது. விவரம் தெரியாமல் வந்த ஓர் இளம் சீனத் தம்பதி, சமையலறைச் சன்னலருகே நின்று காற்றோட்டத்தை மெச்சி, அலமாரியை அளக்க அளவு நாடாவையே எடுத்துவிட்டார்கள். முகவர் கைப்பேசியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பெண் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, தவறு தன்னுடையது போல இரண்டு முறை மன்னிப்புக் கேட்டாள். ஏழு மாதம் கழித்து, எதிர்வீட்டுச் சீனர் விற்றதைவிடக் குறைந்த விலைக்கு ஓர் இந்தியக் குடும்பத்துக்கு விற்றோம். நம்மை வெறுத்தவர் என்று அதில் ஒருவரைக்கூடச் சுட்ட முடியாது, இருந்தும் நட்டம் எண்ணிக்கையில் சிறியவர் தலையில்தான் விழுந்தது. விற்க முடியாமல் தவிப்போரின் வீட்டை அரசே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது.

இன்னொன்றையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. புது வீட்டில் அறையை வாடகைக்கு விட்டபோது, கேட்டு வந்த பங்ளாதேஷ் பொறியாளரிடம் 'ஆள் வந்துவிட்டது' என்றேன். யாரும் வந்திருக்கவில்லை. அவர் செருப்பைக்கூட வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தார். அன்று இரவு உன் அம்மா என்னோடு பேசவில்லை.

விண்ணப்பத்தில் பெயரைச் சுருக்கிப் போடலாமா என்று கேட்டாயே, அதை நீயே முடிவு செய். எப்படிப் போட்டாலும் நான் வருந்த மாட்டேன். முன்பணம் எவ்வளவு வேண்டும் என்று எழுது.

அப்பா