கானாற்றுக் கல்பாலத்தைப் பழமை மாறாமல் புதுப்பித்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
கானாற்றங்கரை கிராமப் பொதுமக்கள்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
வேலூர்.

பொருள்: பழைய கல்பாலத்தை இடிக்காமல் சுண்ணாம்புக் காரை கொண்டு சீரமைக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் ஊரை ஒட்டி ஓடிப் பாலாற்றில் சேரும் கானாற்றின் குறுக்கே, மூன்று வளைவுகள் கொண்ட கருங்கல் பாலம் உள்ளது. வடாற்காடு மாவட்டத்துக்குச் சித்தூர் தலைமையிடமாக இருந்த காலத்திலேயே, அதாவது 1911-க்கு முன்பே, நெல்லும் வெல்லமும் ஏற்றிய வண்டிகள் இதன் வழியே சென்றதாகவும், வாணியம்பாடியைச் சூறையாடிய 1903 நவம்பர் வெள்ளத்தை இது தாங்கி நின்றதாகவும் எங்கள் பெரியவர்கள் சொல்லி வந்துள்ளனர். 2021 நவம்பர் வெள்ளத்தில் அது அசையாமல் நின்றதை நாங்களே கண்டோம். கைப்பிடிச் சுவரின் உட்புறம் வண்டி அச்சு உரசி உரசி விழுந்த பள்ளத்தில் இன்றும் ஒரு குழந்தையின் கை அடங்கும்.

இப்போது நடு வளைவின் உச்சிக்கல் இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருக்கிறது. கல் இடுக்குகளில் அரசங்கன்று வேர்விட்டுள்ளது. மணல் அள்ளியதால் ஒரு தூணின் அடித்தளக் கல் வெளியே தெரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் பழுதுபார்த்தபோது இடுக்குகளில் சிமென்ட் பூசிவிட்டனர். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளிவிடும், சிமென்ட் அப்படியன்று. உள்ளே இறங்கிய மழைநீர் வெளியேற வழியின்றிப் பழைய காரையைக் கரைக்க, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது.

பாலத்தை இடித்துவிட்டுக் குழாய்ப் பாலம் போடலாம் என்ற பேச்சு எழுந்திருப்பது எங்களுக்குப் பெரும் கவலை அளிக்கிறது. வெள்ளம் அடித்துவரும் வேலிக்காத்தான் முட்களும் செத்தையும் குழாய்களை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வயல்களுக்குள்தான் திரும்பும்.

ஆகவே, சென்னை ஐ.ஐ.டி.யிலுள்ள பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு மையத்தின் வல்லுநர்களைக் கொண்டு பாலத்தை ஆய்வு செய்யவும், கழற்றும் கற்களுக்கு எண்ணிட்டு அதே இடத்தில் திரும்பப் பொருத்தவும், கடுக்காயும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த சுண்ணாம்புக் காரையால் இடுக்குகளை நிரப்பவும் ஆணையிடுமாறு வேண்டுகிறோம். பணி முடியும்வரை லாரிகளையும் டிராக்டர்களையும் மாற்று வழியில் திருப்பிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூணின் அடித்தளத்தையாவது பலப்படுத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிராமப் பொதுமக்கள்.

இணைப்பு: பாலத்தின் புகைப்படங்கள், பொதுமக்கள் கையொப்பங்கள்.