மூக்குக்குக் கீழே இருக்கும் பள்ளம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தைப் பற்றி நான்கு வரி போட்டிருந்தீர்கள். நாய்க்கு அது வாயின் ஈரத்தை மூக்குக்கு ஏற்றுகிறது, மனிதருக்கு ஒரு பயனும் இல்லை என்று முடித்திருந்தீர்கள். பாலர் பள்ளியில் படிக்கும் என் பேத்திக்கு நான்தான் அதை வாசித்துக் காட்டினேன். "அப்போ டாக்டர் எனக்கு ஏன் பாட்டி அதைத் தைச்சாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அவள் உதட்டுப்பிளவோடு பிறந்தவள். நாய் விஷயம் சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நம் முகத்தில் அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாமே? கரு உருவான ஆறேழு வாரத்தில் மூக்கின் பக்கமிருந்து நடுப்பகுதியும், இரு கன்னங்களின் பக்கமிருந்து மற்ற இரண்டும் வளர்ந்து வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒழுங்காக ஒட்டினால் உதடும் பள்ளமும் அமைகின்றன. ஒட்டாமல் போனால் பிளவு. வயிற்றில் இருக்கும்போதே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காண டாக்டர்கள் பார்க்கும் குறிகளில், இந்த இடம் பள்ளமில்லாமல் தட்டையாக இருப்பதும் ஒன்று. இவ்வளவு சொல்கிற இடத்தைப் பயனற்றது என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 26 டிசம்பர் 2019 அன்று சிங்கப்பூரில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்த என் மருமகள் புளோக்குக்குக் கீழே போய், கிரகணக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். ஏப்ரலில் குழந்தை பிறந்தது. கொவிட் நேரம், யாரும் வீட்டுக்கு வர முடியாது. ஆனாலும் பேச்சு கைப்பேசியில் வந்து சேர்ந்தது: "கிரகணத்தைப் பார்த்தா வேற என்ன ஆகும்?" அந்தப் பெண் எத்தனை இரவு அழுதாள் என்று எனக்குத்தான் தெரியும். ஐந்தாம் மாதத்தில் பார்த்த கிரகணம், இரண்டாம் மாதத்திலேயே உருவாகி முடிந்த உதட்டை எப்படிப் பிளக்கும்? கிரகணத்தன்று கர்ப்பிணிகள் செய்யக்கூடாதவை என்று உங்கள் ராசிபலன் பக்கத்திலும் ஒரு பட்டியல் வந்தது. அப்போதே கடிதம் எழுதினேன். நீங்கள் அதை வெளியிடவில்லை. பிறகு ஒரு மருத்துவக் கட்டுரையில் இந்தக் குறையை "முயல் உதடு" என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் எழுதினேன்.

பிறந்த மூன்றாம் மாதத்தில் பேத்திக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பிளவை மூடுவதோடு டாக்டர் நிறுத்தவில்லை. மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, புள்ளி குறித்து, அந்தப் பள்ளமும் அதன் இரு பக்க வரம்பும் தெரியும்படி தைத்துக் கொடுத்தார்.

நான் கேட்பது சிறிய உதவிதான். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், மேலுதடு எப்படி உருவாகிறது என்று சிறுவர்களுக்குப் புரியும்படி ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். "உதட்டுப்பிளவு" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். பதில் பேப்பரில் வரும் என்று பேத்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி,
அங் மோ கியோ