மகளின் கதைகளைப் படித்தேன்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்ப்பதோடு விட்டுவிடாமல் டாக்டரிடமும் போனாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். என் புதுக் கதைத் தொகுப்பு பிழைதிருத்தத்தில் இருக்கிறது. 160 பக்கம். இந்த முறையும் என் காசில், என் பொறுப்பில்தான் வருகிறது.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் எழுதி நீ அனுப்பிய கதைகள் எல்லாவற்றையும் படித்தேன். அந்த மருந்துக்கடைக் கதையை இரண்டு முறை படித்தேன். மாத்திரை அட்டையில் நாலு மட்டும் வெட்டித் தரச் சொல்லி வாங்குகிற பாட்டி, வெட்டிய முனை சேலையைக் கிழித்துவிடும் என்று முந்தானையில் முடிந்துவைக்காமல், கையிலேயே பிடித்துக்கொண்டு வீடு வரை நடக்கிறாள். இதைப் பார்க்க ஒரு கண் வேண்டும். அது அவளுக்கு இருக்கிறது. ஆனால் அடுத்த பத்தியில் வறுமை எவ்வளவு கொடியது என்று அவளே விளக்க ஆரம்பித்துவிடுகிறாள். அந்தப் பத்தியை முழுசாக எடுத்துவிடச் சொல். பாட்டி நடந்து போவதே போதும்.

சொந்தமாகப் புத்தகம் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். போடலாம், ஆனால் இப்போதே வேண்டாம். நல்ல பதிப்பகம் செய்கிற பெரிய உதவி அச்சடிப்பதல்ல. இதை வெட்டு, இது வேண்டாம், இந்த மூன்றும் ஒரே கதைதான் என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இருப்பார். தனியாகப் போடுகிறவர்கள் அந்த ஆளைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும். வீட்டு மனிதர்கள் அதற்குச் சரிப்பட மாட்டார்கள். உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். முதலில் என்னை உரக்கப் படிக்கச் சொல்வார். என் குரல் எங்கே வேகமெடுக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுவார். அந்த இடத்தில் எழுதியவனுக்கே சலித்துவிட்டது என்பார். ஒற்று மிகுமா மிகாதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த வழியில் எனக்கு முன்னோடி யார் என்று அவள் கேட்டிருந்தாள். எழுத்தாளர் சி.சு. செல்லப்பாதான். விமர்சனத்துக்கு இடம் வேண்டும் என்று 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியவர். புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். எண்பது வயதைத் தாண்டிய பிறகு 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாகத் தானே வெளியிட்டார். 1998இல் காலமானார். சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தது. விருதைக் காட்டி அவளுக்கு ஆசை மூட்டாதே. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவரேதான் தமிழில் கறாரான விமர்சனத்துக்கும் இடம் பிடித்துக் கொடுத்தார். இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

செலவைப் பற்றிக் கொஞ்சம். ஆயிரம் பிரதி அடித்து வீட்டில் அடுக்க வேண்டாம். இப்போது ஐம்பது, நூறு என்று தேவைக்கு அடித்துத் தருகிறார்கள். அட்டைப்படத்துக்குக் குறைத்தாலும் பிழைதிருத்தத்துக்குக் குறைக்காதே. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில், வாசகர் படித்த பக்கக் கணக்குக்குப் பணம் தரும் திட்டத்தில் சேர்ந்தால், 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறெங்கும் போடக் கூடாது. அதைத் தெரிந்துகொண்டு சேரட்டும். அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை. அப்புறம், தானே பதிப்பாளர் ஆகிவிட்டால் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் பிரதி அனுப்புவது சட்டப்படி அவள் பொறுப்பு. பலர் இதைச் செய்வதில்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம். பதிப்பகம் இல்லாத புத்தகம் பிற்காலத்தில் தேடுகிறவருக்குக் கிடைக்க அந்த அலமாரியைவிட நம்பிக்கையான இடம் கிடையாது.

வேலையை மட்டும் விட வேண்டாம் என்று சொல். நான் விடியற்காலையில் எழுதுகிறேன், ஒன்பது மணிக்குக் கடை திறக்கிறேன். கடைதான் சோறு போடுகிறது. அதனால்தான் யாருக்காகவும் ஒரு வரியை மாற்ற வேண்டியிருந்ததில்லை.

மருந்துக்கடைக் கதையைத் திருத்தியதும் எனக்குத் தபாலில் அனுப்பட்டும். அந்தத் தமிழாசிரியரிடம் கொடுக்கிறேன். போனில் படிக்க அவருக்குக் கண் ஒத்துழைக்காது. வரிக்கு வரி நன்றாக இடம் விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் பிரிண்ட் எடுக்கச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே