வாடகைக் குரல்கள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிளாக் சப்பாத் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழு பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'ஓஸிக்குப் பிறகு வந்தவை எல்லாம் வாடகைக் குரல்கள்' என்ற வரி வந்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன். முதல் பாடகர் ஓஸி போன 1979க்குப் பிந்தைய வருடங்கள் அத்தனைக்கும் ஒரே ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள்.

கணக்கு தங்களுக்குத் தெரியாதது அல்ல. ஸ்டுடியோ ஆல்பங்கள் 19. 2013இல் வந்ததையும் சேர்த்து ஓஸி ஆஸ்போர்ன் பாடியவை 9. மீதிப் பத்தில் மற்றப் பாடகர்கள்: டியோ 3, இயன் கில்லன் 1, கிளென் ஹியூஸ் 1, டோனி மார்ட்டின் 5. பாதிக்கு மேலே வாடகையா, ஐயா?

ஓஸியை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2025 ஜூலையில் அவர் இறந்த செய்தி வந்த இரவு, விடியும்வரை எங்கள் வீட்டில் அவர் பாட்டுதான் ஓடியது. ஆனால் எனக்கு சப்பாத் அறிமுகமானதே அவர் இல்லாமல்தான். 1991இல் அண்ணனின் நண்பர் 90 நிமிட கேசட் ஒன்றில் பதிந்து கொடுத்தார். ஒரு பக்கம் 'ஹெவன் அண்ட் ஹெல்', மறுபக்கம் 'ஹெட்லெஸ் கிராஸ்'. அட்டையில் நீல மையில் ஆல்பத்தின் பெயர் மட்டும் இருந்தது, பாடியவர் பெயர் இல்லை. கோசி பவலின் டிரம்ஸ் அதிர, அதன் மேல் மார்ட்டின் குரல் ஏறும் அந்த மறுபக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன். டேப் சிக்கும்போதெல்லாம் பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்துவிட்டு மறுபடி போடுவேன்.

அப்புறம், குழுவின் கிடார் கலைஞர் டோனி அயோமியின் விரல்கள். 17 வயதில், தகரப் பட்டறை வேலையின் கடைசி நாளில், வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. இடது கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். என் அண்ணனுக்கும் பவர் பிரஸ்ஸில் நடுவிரல் நுனி போனது. ஆறு மாதம் அம்மாதான் சட்டைப் பட்டன் போட்டுவிட்டார். அந்தக் கையோடு 19 ஆல்பத்திலும் வாசித்த ஒரே ஆளான அயோமி, பாடகர் போய்விட்டார் என்று கடையைச் சாத்தியிருக்க வேண்டுமா?

மார்ட்டினுக்கு நடந்ததைப் பாருங்கள். 1987இல் ரே கில்லன் பாடிவிட்டுப் போன ஆல்பத்தை முழுதாக மறுபடி பாடிக் கொடுத்தார். டியோ திரும்பியதும் இவரை அனுப்பினார்கள். 1992இல் ஓஸியின் தனிக் கச்சேரிக்கு முன்னோட்டமாக மேடையேற மாட்டேன் என்று டியோ விலகியதும் மறுபடி இவரைக் கூப்பிட்டார்கள். 2006இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் முதல் நால்வருக்கு மட்டும்தான், டியோவுக்கே இல்லை. 2025 ஜூலை 5, குழு பிறந்த பர்மிங்ஹாமின் வில்லா பார்க்கில் நடந்த கடைசிக் கச்சேரி மேடையிலும் மார்ட்டின் இல்லை. அவரும் அதே ஊர்க்காரர்தான். அவர் பாடிய 'ஃபார்பிடன்' கேட்கத் தேவையில்லாத ஆல்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 29 வருடம் கழித்து, மார்ட்டின் கால ஆல்பங்களின் 2024 தொகுப்புக்காக அயோமி ஏன் அதை மறுபடி மிக்ஸ் செய்தார்?

இது முதல் தடவையும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் டியோ படத்தின் கீழே ஓஸி பெயரைப் போட்டீர்கள். கடிதம் எழுதினேன், பதில் இல்லை. போன வருடம் மார்ட்டினைக் கிடார் கலைஞர் ஆக்கினீர்கள். அதற்கும் எழுதினேன். 22 வருடமாகச் சந்தா கட்டும் வாசகனுக்கு ஒரு அஞ்சலட்டை எழுதக்கூடவா நேரமில்லை?

சரி, கட்டுரையைத் திருத்தி எழுதச் சொல்லவில்லை. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் இதை மட்டும் போடுங்கள்: 'டோனி மார்ட்டின் பாடிய பிளாக் சப்பாத் ஆல்பங்கள்: தி எடர்னல் ஐடல் (1987), ஹெட்லெஸ் கிராஸ் (1989), டைர் (1990), கிராஸ் பர்ப்பஸஸ் (1994), ஃபார்பிடன் (1995).' பெயரில் எழுத்துப்பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
பீளமேடு, கோவை.