மண் சோதனை மட்டும் போதாது, தீவனத்தையும் சோதிக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழவில்லை, சினை நிற்கவில்லை என்றதும் செலினியம் (சிறிதளவே தேவைப்படும், மிகுந்தால் நஞ்சாகும் தாதுச்சத்து) சேர்ந்த தாது உப்பும், வைட்டமின் ஈ - செலினிய ஊசியும் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. குறைபாடு உள்ள ஊரில் அது நல்ல மருந்துதான். ஆனால் பஞ்சாபின் நவான்ஷகர் (இப்போது ஷஹீத் பகத் சிங் நகர்), ஹோஷியார்பூர் மாவட்டங்களில் சுமார் 1,000 ஹெக்டேரில் விளையும் தீவனத்தில் செலினியம் ஏற்கெனவே மிதமிஞ்சி இருக்கிறது. அங்கே அதே ஊசி போட்டால் நஞ்சின் மேல் நஞ்சு.

செலினிய நஞ்சின் பாதிப்பு முதலில் குளம்பில் தெரியும். தோலும் குளம்பும் சேருமிடத்துக்குக் கீழே, சுற்றிவர ஒரு கிடைக்கோடு விழும். குளம்பு வளர வளர அது கீழிறங்கி வெடிப்பாகும். பிறகு குளம்பு நீண்டு மேல்நோக்கி வளையும். வால்முடி உதிரும், கொம்பு வெடிக்கும். பூஞ்சணம் பிடித்த நெல் வைக்கோலால் வரும் டெக்னாலா நோயிலும் வாலும் குளம்பும் அழுகும் என்பதால், கண்ணால் பார்த்தே முடிவு கட்டக்கூடாது.

அந்த நிலத்துக்குச் செலினியம் வந்தது சிவாலிக் மலையிலிருந்து வெள்ளம் அடித்து வந்த வண்டலில். கிலோ மண்ணில் 0.5 மில்லிகிராமைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். ஆனால் மண்ணிலுள்ள செலினியத்தின் மொத்த அளவை வைத்துத் தீவனத்தைக் கணிக்க முடியாது. காற்றோட்டமுள்ள காரமண்ணில் அது செலினேட் என்ற வடிவில் நீரில் கரைந்து வேருக்குச் சுலபமாகப் போகும். இரும்பு மிகுந்த அமிலச் செம்மண்ணில் செலினைட் என்ற வடிவில் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மொத்த அளவு ஒன்றேயானாலும் பயிரில் ஏறுவது வேறு.

பலரும் கணக்கில் எடுக்காதது பாசன நீர். லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் வரை பாசனத்துக்கு ஏற்றது என்பார்கள். அதில் பாதியான 10 மைக்ரோகிராம் உள்ள கிணற்று நீரை நெல்லுக்கு ஒரு பருவத்தில் 150 சென்டிமீட்டர் பாய்ச்சினால், ஹெக்டேருக்கு 150 கிராம் செலினியம் வயலில் இறங்குகிறது. செலினியம் குறைந்த நியூசிலாந்து மேய்ச்சல் நிலங்களுக்கு ஆண்டுக்கு இடுவதே ஹெக்டேருக்கு 10 கிராம்தான்! நெல்லுக்குப் பின் அதே வயலில் பெர்சீம் என்ற பயறுவகைத் தீவனப் பயிரைப் போட்டால் என்ன ஆகும்?

பெர்சீமும் கடுகும் கந்தகத்தை அதிகம் தேடும் பயிர்கள். வேருக்குள் நுழைய, கந்தகத்தின் வடிவான சல்பேட்டுக்கும் செலினேட்டுக்கும் ஒரே வாசல் என்பதால் அவற்றில் செலினியம் கூடுதலாக ஏறும். ஓட்ஸ், மக்காச்சோளம், சோளம் போன்ற புல்லினத் தீவனங்களில் குறைவு. பயிரில் செலினியம் ஏறுவதைக் குறைக்க இடும் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) வேலை செய்வதும் இதே வழியில்தான்: சல்பேட் மிகுந்தால் செலினேட்டுக்கு வழி குறைகிறது. ஹெக்டேருக்கு 800 கிலோ, அதாவது ஏக்கருக்கு 320 கிலோ ஜிப்சம் இட்டதில் கோதுமையில் ஏறிய செலினியம் ஏறத்தாழ பாதியானதைப் பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. விதைப்புக்கு முன் சீராகத் தூவி மேல்மண்ணில் கலக்க வேண்டும். கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கைப் போல மண்ணில் சல்பேட் ஏற்கெனவே நிறைந்த இடத்தில் இதற்குப் பலன் சொற்பம்.

தீவன மாதிரி எடுக்கையில் தரையிலிருந்து நாலு விரல் உயரம் விட்டு, வயலின் பத்துப் பன்னிரண்டு இடங்களில் அறுங்கள். மண்தூசி ஒட்டினால் அளவு பொய்க்கும். நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஆய்வகத்தில் மாதிரியை உலையில் சாம்பலாக்கக் கூடாது. செலினியம் ஆவியாகிப் போய்விடும். நைட்ரிக், பெர்குளோரிக் அமிலங்களில் கரைத்துத்தான் அளக்க வேண்டும். சாம்பல் முறையில் வந்த "செலினியம் இல்லை" என்ற அறிக்கையை நம்பி ஊசி போடுவது பெரிய ஆபத்து.

மாட்டுக்குத் தேவை கிலோ உலர் தீவனத்தில் 0.3 மில்லிகிராம், 5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. அறிக்கையில் 12 என்று வந்தால், அந்தத் தீவனத்தை 0.3 உள்ள வெளியூர்த் தீவனத்தோடு, உலர் எடைக் கணக்கில் மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் கலக்கலாம். என்னைக் கேட்டால், அந்த எல்லையை ஒட்டிப் போகாமல் ஏழில் ஒரு பங்கோடு நிறுத்துவேன்; கலவையின் அளவு கிலோவுக்கு 2 மில்லிகிராமில் நிற்கும்.

இந்த ஊர்களில் செலினியம் இல்லாத தாது உப்பு தனியாகக் கிடைக்க வழிசெய்ய வேண்டும். தீவன ஆய்வறிக்கையைப் பார்க்காமல் செலினிய ஊசி எழுதிக் கொடுப்பதைக் கால்நடைத் துறை உடனே நிறுத்த வேண்டும்.

– கால்நடைத் தீவன ஆய்வாளர், கோயம்புத்தூர்